அரிசிச் சாக்கில் சருகு

எனக்குப் பொறுமை இல்லை என்பது ஊரறிந்த சங்கதி. சோறு வேகுமுன் மூடியைத் திறந்து பார்ப்பேன். சுவிஸில் பஸ் நேரத்துக்குத்தான் வரும் என்று தெரிந்தும் தரிப்பிடத்திலிருந்து வீதியில் இறங்கி எட்டிப் பார்ப்பேன். ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையில் இந்தக் குணம் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. மற்றவர்கள் வாளியில் தண்ணீர் பிடித்து முடிக்குமுன் நான் ஒரு நடையைத் துடைத்து முடித்திருப்பேன். வீட்டில் அதே குணத்தை யாரும் மெச்சவில்லை. மெச்சும்படி அது நடந்துகொள்ளவும் இல்லை.

என் கணவர் ஓர் உணவகச் சமையலறையில் நெடுங்காலம் நின்று வேலை செய்தவர். உருளைக்கிழங்கு மூட்டையும் எண்ணெய்க் கலனும் தூக்கித் தூக்கி முதுகெலும்பில் தட்டு விலகியது. சத்திரசிகிச்சை செய்தும் வலி முழுதாகப் போகவில்லை. இனி அந்த வேலை வேண்டாம் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து மனிதர் செற்றியே, அந்தச் சோபாவே கதியென்று இருந்துவிட்டார். ஜன்னல் மறைப்பைப் பாதிக்கு இறக்கிவிட்டு, தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, அதையும் பார்க்காமல் இருப்பார். நான் அதிகாலை வேலைக்குப் போகும்போது எப்படி இருந்தாரோ, மத்தியானம் வரும்போதும் அப்படியே இருப்பார். கோயிலில் யாராவது, "அண்ணை இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டால், "லேசான வேலை ஒண்டு பாக்கிறார்" என்பேன். மனம் விழுந்துபோய் வீட்டில் இருக்கிறார் என்று கோயில் வாசலில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதுகுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் ஒருநாள் சொன்னாள், வீட்டுக்கு வெளியே கையால் செய்கிற சின்ன வேலை ஏதாவது இருந்தால் நல்லது என்று. ஓஸ்டர்முண்டிகனில் நாங்கள் இருப்பது கீழ்த்தளத்து வீடு. பின்பக்கம் பாய் விரித்த அளவில் ஒரு புல்தரை உண்டு. அதில் அவர் முன்பு மிளகாய்க் கன்று வைத்திருந்தார். எனக்கு உடனே யோசனை வந்துவிட்டது. சமையல் கழிவைப் போட்டு எரு செய்யும் ஒரு தொட்டி வாங்கினால் அவருக்கும் வேலை, மிளகாய்க்கும் எரு. யோசனை வந்த பிறகு ஆறப்போடுவது என் வழக்கமில்லை. அந்தச் சனிக்கிழமையே அவரை இழுத்துக்கொண்டு தோட்டச் சாமான் கடைக்குப் போனேன்.

ஒரு குப்பைத் தொட்டியில் இத்தனை சாதி இருக்குமென்று நான் நினைத்ததே இல்லை. மரச் சட்டங்களை அடுக்கிச் செய்த திறந்த பெட்டி இருந்தது. மலிவு, காற்றோட்டம் நல்லது, ஆனால் குளிர்காலத்தில் அப்படியே உறங்கிவிடும், எரு ஆகப் பொறுத்திருக்க வேண்டும். கம்பி வலையை வட்டமாக வளைத்த ஒன்று இருந்தது, இலைக்கு மட்டும்தான் சரி. கைபிடித்துச் சுழற்றும் பீப்பாய் ஒன்றை நான் ஆசையோடு சுற்றிப் பார்த்தேன். நிரம்பிய பின் அதைச் சுழற்ற முதுகு வேண்டுமே என்று அவரே தள்ளி வைத்தார். வீட்டுக்குள்ளேயே வைத்துத் தவிட்டுத் தூளைத் தூவிப் புளிக்கவிடும் வாளியும் இருந்தது. புளித்ததைப் பிறகு மண்ணில் புதைக்கத்தான் வேண்டும். புளித்த மாவின் மணம் தோசைக்கு மட்டும் போதும் என்று நான் அதை விட்டுவிட்டேன்.

கடைசியில் இருந்தது கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. தடித்த சுவர், இறுக்கமான மூடி, அடியில் எரு அள்ள ஒரு சின்னக் கதவு. சூட்டை உள்ளேயே பிடித்து வைப்பதால் எல்லாவற்றிலும் கெதியாக உக்கும், சீக்கிரம் எருவாகும் என்றாள் கடைப்பெண். எனக்கு அந்த "கெதி" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அவள் இன்னும் நிறையச் சொன்னாள். வெறும் மண்மேல் வைக்க வேண்டும், அப்போதுதான் புழு ஏறி வரும். எலி நுழையாமல் அடியில் வலை போட வேண்டும். கழிவைச் சின்னதாக வெட்டிப் போட வேண்டும். சமைத்த சோறும் கறியும் ஆகாது. பச்சைக் கழிவு போடும்போதெல்லாம் அதே அளவுக்குச் சருகும் போட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் போகாமல் அழுகும். நான் அதற்குள் தள்ளுவண்டி தேடிப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் சொன்னார்: "அவ சொன்னது கேட்டதோ? பச்சைக்குச் சரிசமனாச் சருகு வேணுமாம்."

"சருகு எங்கையும் கிடக்கும். முதல்ல இதை வண்டியில ஏத்துவம்" என்றேன்.

அவர் செற்றியை விட்டு எழும்பியது அந்தச் சருகுக்காகத்தான். இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இலை உதிரத் தொடங்கியதும் காலையில் வெளியே போக ஆரம்பித்தார். அரிசி வந்த வெள்ளைச் சாக்குகள் எங்கள் வீட்டில் எப்போதும் மடித்துக் கிடக்கும். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு காட்டோரப் பாதையில் நடப்பார். குனிய முடியாது, அதனால் நீளக் கைப்பிடி வைத்த ஒரு கவ்வியைப் பக்கத்து வீட்டுச் சுவிஸ் அம்மாவிடம் இரவல் வாங்கியிருந்தார். கணவர் இறந்த பின் தனியே இருக்கும் முதியவர் அவர். தன் பழைய மரப்பெட்டியிலிருந்து புழு நெளியும் எருவையும் ஒரு வாளி கொடுத்தார். பாலுக்கு உறைமோர் விடுவதுபோல என் கணவர் அதைத் தொட்டியின் அடியில் பரப்பினார். மேலே தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல், முருங்கைக்காய் உரித்த நார், அதன்மேல் சருகு. ஈரம் எப்படி இருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டபோது, பிழிந்த மொப் போல இருந்தால் சரி என்றேன். அதற்குச் சிரித்தார். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு சிரித்தார்.

இலை உதிர்வது சில கிழமைகள்தான். ஆனால் சமையல் கழிவு ஆண்டு முழுக்க வரும். ஆகவே குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் சேர்த்துச் சருகு சேமிக்க வேண்டும் என்றார். சாக்குகள் நிரம்பி நிரம்பி, பின்வாசலில் கூரை நீண்டிருக்கும் இடத்தில், மழை படாமல் சுவரோடு அடுக்கி வைத்தார். வெள்ளைச் சாக்கு ஒன்றன்மேல் ஒன்றாய்த் தோளுயரம் வந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. நாங்கள் முற்றத்தில் சருகு கிடந்தால் வீட்டில் ஆளில்லை என்று நினைக்கிற சனம். காலையில் எழும்பி முகம் கழுவுமுன் வாசல் கூட்டிப் பழகிய கை இது. கஞ்சலை மூட்டை கட்டி வீட்டு வாசலில் அடுக்கி வைப்பதென்றால்?

அதோடு தீபாவளியும் வந்துவிட்டது. பாடனில் இருக்கும் என் மச்சாள், அவருடைய தங்கை, குடும்பத்தோடு சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தாள். அண்ணனுக்கு லேசான வேலை கிடைத்திருக்கிறது என்று அவளுக்கும் நான்தான் சொல்லி வைத்திருந்தேன். வந்து பார்த்தால் அண்ணன் செய்கிற வேலை குப்பை பொறுக்குவது என்று நினைத்துவிடுவாளே என்று எனக்கு அந்தரம். உள்ளதைச் சொன்னால், எனக்கு வெட்கமாக இருந்தது. அவரை நினைத்து வெட்கம். இதை எழுதும்போது அதைவிட வெட்கமாக இருக்கிறது.

தீபாவளிக்கு முந்திய கிழமையில் பச்சைக் கழிவு ஏற்றும் வண்டி வரும் நாள். எனக்கு விடுமுறை. அவர் முதுகுப் பயிற்சிக்குப் போயிருந்தார். நான் ஜன்னல் துடைத்தேன், படங்களைத் துடைத்தேன், தும்புத்தடியை எடுத்துக்கொண்டு பின்வாசலைக் கூட்ட வந்தேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று சொல்வார்களே, நான் அதை அப்படியே செய்தேன். ஒவ்வொரு சாக்காக அவிழ்த்து, வீதியோரம் நின்ற பச்சைத் தொட்டிகளில் கவிழ்த்தேன். எங்கள் தொட்டி நிரம்பியபின் பக்கத்து வீட்டுத் தொட்டியிலும் கவிழ்த்து, காலால் மிதித்து அமத்தினேன். வண்டி வந்தது, தூக்கியது, போனது. எனக்கு அவ்வளவு நிம்மதி.

சாக்குகளை மட்டும் எறிய மனம் வரவில்லை. நல்ல சாக்கு. அலம்பி, பின்வாசல் கொடியில் வரிசையாகக் காயப் போட்டேன்.

அவர் திரும்பி வந்து முதலில் பார்த்தது அந்தக் கொடியைத்தான். நான் ஓடிவந்து, "பாத்தீங்களோ, வாசல் எவ்வளவு வடிவா இருக்குது" என்றேன்.

அவர் ஒரு சாக்கின் நுனியைத் தொட்டுப் பார்த்தார். "உள்ளுக்கு இருந்ததை எங்கை போட்டனீர்?"

"பச்சை வண்டி கொண்டுபோட்டுது. சருகுதானே, காடு நிறையக் கிடக்குது. தீவாளி முடிய ரெண்டு பேருமாப் போய் அள்ளுவம்."

"ஓ" என்றார். கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். அவர் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுப் போய்ச் செற்றியில் இருந்தார். சற்று நேரத்தில் ஜன்னல் மறைப்பு இறங்கும் சத்தம் கேட்டது.

தீபாவளியன்று வேட்டி கட்டினார், தங்கையோடு கதைத்தார், பலகாரம் சாப்பிட்டார். மச்சாள் பின்வாசலைப் பார்த்து, "மச்சாள், உங்கட வீடு எப்பவும் துப்புரவு" என்றாள். நான் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அடுத்த நாள் சாக்கை எடுத்துக்கொண்டு, "வாங்கோ, போவம்" என்று கூப்பிட்டேன். வெளியே மழை. "ஈரச் சருகு உதவாது" என்றார் அவர். மழை விட்டபோது குளிர் வந்தது, குளிரோடு பனி கொட்டியது. சருகுக்காலம் போய்விட்டது.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கணவனிடம் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அதற்குப் பதிலாகக் கணவாய்க் கறி வைத்தேன், இறால் பொரித்தேன். அவர் சாப்பிட்டார், நல்லாயிருக்குது என்றார், மறுபடி போய் இருந்தார். குளிர்காலம் முழுக்கக் கழிவு வாளியைத் தொட்டியில் கொட்டியது நான்தான். அரிந்த காய்கறித் தோல், தேயிலை, தோடம்பழச் சக்கை, எல்லாவற்றையும் கொட்டி மூடியை அமத்திவிட்டு ஓடிவருவேன். இறுக்கமான மூடி, தடித்த சுவர், கெதியாக உக்கும் என்றுதானே கடையில் சொன்னார்கள்.

வசந்தத்தில் வெயில் பட்டதும் அது பேச ஆரம்பித்தது. மூடியைத் திறந்தால் அடைபட்ட வாய்க்கால் நாற்றம். உள்ளே எருவும் இல்லை, கழிவும் இல்லை, கறுத்த களி. ஒரு நாள் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டினார். கோபமாக வரவில்லை. தோட்டத்தில் ஏதும் பிராணி செத்துக் கிடக்கிறதோ என்று கவலையோடு கேட்டார். நான் தொட்டியைக் காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, சருகு போடவில்லையா, உங்கள் கணவர் அவ்வளவு சேர்த்து வைத்திருந்தாரே என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் சில விஷயங்களைச் சொன்னார், எனக்கு அவை ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. முதல் நாள் என் கணவர் காட்டோரத்தில் இருந்து இளைப்பாறப் போட்டிருக்கும் முதல் வாங்குவரைக்கும்தான் நடந்தாராம். பிறகு அடுத்த வாங்கு, பிறகு வளைவு, கடைசியில் மேட்டின் உச்சிவரைக்கும். எந்த இலை கெதியாக உக்கும், எது உக்காது என்று கையில் கொண்டுவந்து காட்டிக் கேட்பாராம். லிண்டன் மரத்து இலையும் ஹேசல் இலையும் நல்லது, வால்நட் இலை சுணங்கும் என்று பிரித்துப் பிரித்துத்தான் சாக்கு கட்டினாராம். வசந்தத்தில் தன் எருவில் மிளகாய் நட்டு ஒரு கன்று தருவதாகவும் சொல்லியிருந்தாராம். உங்கள் கணவர் நன்றாகக் கதைப்பவர் என்றார் அந்த அம்மா.

என் வீட்டில் ஊமைபோல இருந்த மனிதர் அடுத்த வீட்டில் கதைத்திருக்கிறார். அவர் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் தூரம் நடந்துவிட்டு வர, நான் வாசலில் சாக்குக் கூடுகிறதென்று பொருமிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் தேறி வந்ததைத்தான் அந்தப் பச்சைத் தொட்டியில் கவிழ்த்து, காலால் மிதித்து அமத்தியிருக்கிறேன். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். எனக்கு ஆக்கவே பொறுக்கவில்லை. அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்றாலும் செய்யத்தானே வேண்டும். சருகுக்குப் பதில் காகித மட்டையும் உதவும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். முட்டை மட்டை, பெட்டி மட்டை, கழிப்பறைக் காகிதச் சுருளின் நடுக்குழாய் என்று கண்டதையெல்லாம் சேர்த்தேன். ஒரு பின்னேரம் அவற்றைக் கிழித்துத் தொட்டியின் மேலே கொட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"இஞ்சேரும், மேல கொட்டிப் பிரயோசனம் இல்லை. அடிமட்டும் கிளறவேணும். உள்ளுக்குக் காத்துப் போகேல்லை."

திரும்பிப் பார்த்தால் வீட்டுச் சாரத்தோடு நிற்கிறார். நான் முள்ளுக்கரண்டிபோலப் பல் வைத்த மண்வெட்டியை எடுத்துக் கிளறினேன். அவர் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு இருந்துகொண்டு மட்டையைக் கிழித்தார்.

"பெரிசாக் கிழிக்காதையும். உள்ளங்கையளவு போதும்."

"ஓம்."

"தண்ணி விடாதையும். இப்பவே சேறு."

"ஓம்."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அவ்வளவு ஓம் சொன்னதில்லை. அதன்பின் சில நாளுக்கொருமுறை நான் கிளறினேன், அவர் பார்த்துச் சொன்னார். நாற்றம் மெல்லக் குறைந்தது. ஒரு காலை மூடியைத் திறந்தபோது ஆவி எழும்பியது. உள்ளே கையை வைத்துப் பார்த்து, "சுடுது" என்றார். அது உக்கத் தொடங்கிவிட்ட அடையாளம். கோடைமுடிவில் அடிக்கதவைத் திறந்தால் தேயிலைத் தூள்போல எரு வந்தது. அந்த வருடத்து மிளகாய்க்கு அது பிந்திவிட்டது.

மறுபடி இலை உதிர்ந்தது. அவர் காலையில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போகத் தொடங்கினார். எனக்குச் சந்தோஷம். ஆனால் வீட்டுக்கு ஒரு சாக்கும் வரவில்லை. நடக்கிறாரே, அதுவே போதும், சருகு சேர்க்கும் ஆசை விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கத் தைரியம் இல்லை.

ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போகக் கீழே இறங்கினேன். எங்கள் கட்டடத்தில் நிலத்துக்குக் கீழே, கெலர் என்று நாங்கள் எல்லாரும் சொல்லும் பகுதியில், ஒவ்வொரு வீட்டுக்கும் மரச்சட்டம் அடித்த ஒரு சின்ன அறை உண்டு. பக்கத்து வீட்டம்மா தன் அறையைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே போக வழியில்லாமல் நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தபடி, உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், இன்னும் கொண்டுவந்து வைக்கட்டும், ஆனால் என் ஜாம் போத்தல் தட்டுக்குப் போக மட்டும் கொஞ்சம் வழி விடட்டும் என்றார்.

உள்ளே வெள்ளைச் சாக்குகள், தோளுயரத்துக்கு. நான் போன வருடம் அலம்பிக் காயப்போட்ட அதே சாக்குகள். வாய் இறுக்கக் கட்டி, அழகாக அடுக்கியிருந்தார்.

எங்கள் அறை அதற்கு அடுத்தது. அதில் பழைய பயணப் பெட்டிகளும் பெரிய பானைகளும்தான் கிடந்தன. அன்றே அவற்றை ஒரு மூலையில் அடுக்கி, தரையைக் கூட்டி, இடம் பண்ணினேன். இரவுச் சாப்பாடு முடிந்து அவர் கை கழுவும்போது சொன்னேன்:

"கெலரில எங்கட அறையைத் துப்புரவாக்கி வச்சிருக்கிறன். சாக்கை எல்லாம் அங்கை கொண்டந்து வைக்கலாம்." பிறகு, சொல்லாமல் விட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியதால், "போன வரியம் நான் செய்தது பெரிய பிழை. இனி நான் தொடமாட்டன்" என்றேன்.

அவர் கையைத் துடைத்தார். முகத்தில் கோபம் இல்லை. என்னைப் பார்த்து அன்பாகத்தான் சொன்னார்.

"தெரியும்."

கை துடைத்த துவாயைக் கொளுவிவிட்டுத் திரும்பினார்.

"எண்டாலும், அது அந்த அம்மாவின்ர அறையிலயே கிடக்கட்டும்."

தீபாவளிக்கு முதல்நாள் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். கூட்டுவதற்கு அங்கே ஒரு சருகுகூட இல்லை.